அருவியின் மேல் ஒரு வீடு

சமநிலத்தில் வீடு கட்டுகிறவனோடு நிலம் வாதாடுவதில்லை. நூல் பிடித்து, மனையை அளந்து, விரும்பிய பக்கத்தில் வாயில் வைத்துக் கொள்ளலாம். செங்குத்தான சரிவிலோ நிலைமை வேறு. அங்கே வீடு கட்ட வருகிறவனை நிலம் மூன்று கேள்விகள் கேட்கும். உன் வீட்டின் பாரத்தை எங்கே இறக்கப் போகிறாய்? மேலிருந்து வரும் நீரை எவ்வழியாக அனுப்பப் போகிறாய்? வீட்டுக்குள் எந்தப் பக்கமாக, எந்த மட்டத்தில் நுழையப் போகிறாய்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பிறகே அறைகளைப் பற்றிப் பேச முடியும்.

பழங்காலந்தொட்டு மக்கள் இவற்றிற்கு இருவகையில் விடை கண்டிருக்கிறார்கள். ஒன்று, மலையைப் படிபோல் வெட்டிச் சமப்படுத்தி, வெட்டிய பக்கத்தில் தாங்குசுவர் எழுப்பி, அந்தப் படியின்மேல் வீடு கட்டுவது. இது எளிது, ஆனால் வெட்டுண்ட மண் நெகிழும், மழைநீர் அதனுள் இறங்கினால் தாங்குசுவரைத் தள்ளும். மற்றொன்று, நிலத்தைத் தொடாமல், கீழ்ப்பக்கத்தில் உயரமான கால்களை நட்டு, அவற்றின்மேல் வீட்டைத் தூக்கி நிறுத்துவது. இதில் மண் கலையாது. கால்களின் அடி அசையாதிருந்தால் போதும். இவற்றோடு மூன்றாவது வழி ஒன்றையும் இருபதாம் நூற்றாண்டு காட்டியது. மலைப்பாறையிலேயே வீட்டின் வேரை ஊன்றி, மரக்கிளை வெளியே நீள்வதுபோல் தளங்களை வெளியில் நீட்டிவிடுவது அது. அவ்வழியில் எழுந்த வீடுகளில் உலகப்புகழ் பெற்ற ஒன்றின் கதையை இன்று சொல்லப் போகிறேன். அந்தக் கதை புகழோடு முடிந்துவிடவில்லை; அதனாலேயே மாணவர்களுக்கு அது பயன்படும் என்று கருதுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பென்சில்வேனியா மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில், காடு சூழ்ந்த குன்றுகளினூடே பேர் ரன் என்ற ஓடை பாய்கிறது. 'கரடியோடை' என்பது அப்பெயரின் பொருள். அது மணற்பாறைத் தட்டுகளின் மேல் ஓடி, ஓரிடத்தில் அருவியாக விழுந்து, பின்னர் யாக்கியோகெனி ஆற்றில் கலக்கிறது. பிட்ஸ்பர்க் நகரில் பெரிய பல்பொருள் அங்காடி நடத்திவந்த எட்கார் காஃப்மன் என்ற வணிகரின் குடும்பம் விடுமுறை நாள்களைக் கழிக்க இந்த ஓடைக்கரைக்கு வருவது வழக்கம். அதற்கு முன்னர் அவ்விடம் அவருடைய அங்காடி ஊழியர்களின் கோடை முகாமாக இருந்தது. கணவர், மனைவி லிலியன், ஒரே மகன் எட்கார் ஆகிய மூவரும் அங்கே ஒரு சிறு குடிலில் தங்கி, நீரில் நீந்தியும் பாறைமேல் வெயில் காய்ந்தும் மகிழ்வார்கள். அந்தக் குடில் பழுதடைந்து வந்தது. ஆண்டு முழுவதும் வந்து தங்கத்தக்க வீடு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எழுந்தது.

அக்காலத்தில் பிராங்க் லாயிட் ரைட் என்ற கட்டடக் கலைஞரைப் பலரும் கடந்த காலத்து மனிதராகவே எண்ணினர். 1867இல் பிறந்த அவருக்கு அப்போது 67 வயது. பொருளாதார மந்தத்தால் நாடெங்கும் கட்டட வேலை குன்றியிருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் 'டாலியெசின்' என்ற தம் இல்லத்தில், 1932இல் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில், இளைஞர்களை உடன் வைத்துக்கொண்டு அவர் வாழ்ந்துவந்தார். ரைட்டின் தன்வரலாற்றைப் படித்து ஈர்க்கப்பட்ட காஃப்மன் மகன், 1934இல் அங்கே மாணவராகச் சேர்ந்தார். மகனைக் காணச் சென்ற பெற்றோருக்கு ஆசிரியரின் நட்புக் கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ரைட் அந்த ஓடைக்கரைக்கு வந்து மனையைப் பார்த்தார்.

பார்த்துவிட்டுப் போனவர் முதலில் கேட்டது நிலப்படமே. எங்கெங்கே எவ்வளவு உயரம், பெரும்பாறைகள் எவை, பெரிய மரங்கள் எங்கே நிற்கின்றன என்பவை எல்லாம் குறிக்கப்பெற்ற அளவைப் படம் அவருக்கு வேண்டும். 1935 மார்ச்சில் அப்படம் வந்து சேர்ந்தது. ஆயினும் மாதங்கள் கழிந்தன; வரைபடம் ஒன்றும் பிறக்கவில்லை.

இங்கே ஒரு கதை வருகிறது. 1935 செப்டம்பர் 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மில்வாக்கி நகரிலிருந்து காஃப்மன் தொலைபேசியில் பேசினார். தாம் டாலியெசினுக்குப் புறப்பட்டு வருவதாகச் சொன்னார். வரைபடங்கள் ஆயத்தமாக இருப்பதாக ரைட் விடையிறுத்தார். பின்னர் வரைமேசையில் அமர்ந்து, காஃப்மன் வந்து சேர்வதற்குள், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முழு வீட்டையும் வரைந்து முடித்தார். பென்சில்கள் தேயத்தேய மாணவர்கள் கூர்மை செய்து கொடுத்துக்கொண்டே இருந்தார்களாம்.

வரலாறு படிப்பவர்கள் இத்தகைய கதைகளைக் கேட்டவுடன் தள்ளிவிடவும் கூடாது. அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. இது அங்கிருந்த மாணவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து சொன்னது. சிறு செய்திகளில் ஒருவர் சொல்வது மற்றொருவர் சொல்வதோடு பொருந்துவதில்லை. எனினும் வரைந்தது அந்த நாளில்தான் என்பதில் பெரிய ஐயம் இல்லை. அப்படியானால் அது இரண்டு மணி நேரத்து வேலையா? இல்லை என்றே நான் சொல்வேன். மனையைக் கண்ணால் கண்டு ஒன்பது மாதம் ஆகிவிட்டது. நிலப்படம் கைக்கு வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. பாறையின் உயரமும் மரங்களின் இடமும் மனத்திலே பதிந்திருந்தன. கைதான் இரண்டு மணி நேரம் வேலை செய்தது. தேர்வுக்கு முதல்நாள் இரவு படித்துத் தேறிவிடலாம் என்பதற்கு இந்தக் கதையை எவரும் சான்று காட்ட வேண்டாம்.

வரைபடத்தைக் கண்ட காஃப்மனுக்கு வியப்பு உண்டாயிற்று. அருவி தெரியும்படி, அதற்கு எதிரே வீடு வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். ரைட்டோ அருவியின் மேலேயே வீட்டை வைத்துவிட்டார். வீட்டிலிருந்து நோக்கினால் அருவி முழுவதும் தெரியாது. ஆனால் அதன் ஓசை எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும். அருவி ஒரு காட்சிப்பொருளாக எதிரில் நிற்காமல் வாழ்க்கையின் ஒரு பகுதியாக வேண்டும் என்பதே அவருடைய கருத்து. காஃப்மன் அதனை ஏற்றுக்கொண்டார்.

நிலம் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இந்த வீடு எவ்வாறு விடை சொல்கிறது என்று காண்போம்.

முதலில் நுழைவு. ஓடையின் வடகரையிலே செங்குத்தான பாறைவிளிம்பு. அதன் பின்னே ஒரு பழைய வண்டிப்பாதை. பாதைக்கு அப்பால் மீண்டும் மேலெழும் குன்று. இந்தக் குறுகிய இடத்தில்தான் வீடு நிற்கிறது. வருபவர் ஒரு சிறு பாலத்தின் வழியே ஓடையைக் கடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு அதன் முதுகுப்பக்கம் போய், அங்கிருந்து உள்ளே நுழைகிறார். நுழைவு சிறியது, இருண்டது. இரண்டடி வைத்தவுடன் விசாலமான கூடமும், அதற்கப்பால் காட்டை நோக்கிய திறந்த முற்றங்களும் விரிகின்றன. சரிவிலே மேற்பக்கமாக நுழைந்து வெளிப்பக்கமாக விரிதல் என்பது மலைவீட்டிற்கு இயல்பாகவே பொருந்தும் அமைப்பு.

அடுத்து நீர். குன்றுக்கும் வீட்டுக்கும் இடையில் பாதை அமைந்திருப்பதால் மலைமண் வீட்டுச் சுவரின்மேல் சாய்ந்து நிற்கவில்லை. ஓடைக்கும் தடையில்லை, அது தளத்தின் அடியில் தன் வழியே போகிறது. கூடத்திலிருந்து தொங்குபடிகள் ஓடை நீர்வரை இறங்குகின்றன. ஆனால் வானத்து நீர் வேறு கதை. தட்டையான கூரைகளிலும் முற்றங்களிலும் மழைநீர் கசிந்து, வீட்டார் பாத்திரம் வைத்துப் பிடிக்கவேண்டியிருந்தது. இந்தக் கேள்விக்கு அவ்வீடு பாதி விடைதான் சொல்லிற்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது பாரம். இதுவே கதையின் உயிர்.

வீட்டின் சுவர்களுக்கு வேண்டிய மணற்கல்லை அந்நிலத்திலேயே வெட்டி எடுத்தார்கள். அவ்வூர்க் கொத்தர்கள் அதனைப் பாறை அடுக்குகள் தோன்றுமாறு முன்னும் பின்னுமாக அடுக்கினார்கள். குடும்பத்தார் வெயில் காய்ந்த பாறையையும் ரைட் உடைத்தெறியவில்லை. அதனைக் கூடத்தின் அடுப்பங்கரையில் தரையை விட்டு மேலெழுந்து நிற்கும்படி அப்படியே விட்டுவிட்டார். இந்தக் கற்சுவர்களும் பாறையும் வீட்டின் வேர். வெளிர்மஞ்சள் நிறமான கான்கிரீட் தளங்களோ கிளைகள். கூடத்தின் தளம் தாங்கலைக் கடந்து ஏறத்தாழ 15 அடி வெளியே நீண்டு, ஓடையின்மேல் நிற்கிறது. அதன் மேலே படுக்கையறையின் முற்றமும் வெளியே நீள்கிறது. வீட்டின் மொத்தப் பரப்பு 5,330 சதுர அடி; அதில் 2,445 சதுர அடி திறந்த முற்றங்கள். ஏறக்குறையப் பாதி வீடு வானத்தின் கீழ் இருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் ஊன்றி, மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும் தளத்திற்கு ஒரு தனி இயல்பு உண்டு. நம் வீட்டுச் சன்னலுக்குமேல் நீண்டிருக்கும் வெயில்மறைப்பை நினைத்துப் பாருங்கள். அதன் நுனியை எவரேனும் கீழே அழுத்தினால் மேற்புறம் இழுபடும், அடிப்புறம் நெரிபடும். கான்கிரீட் நெரிபடுவதைத் தாங்கும், இழுபடுவதைத் தாங்காது. ஆகவே மேற்புறத்தில் எஃகுக் கம்பி வைக்க வேண்டும். ரைட் இதனை நன்கு அறிந்தவர். வழக்கமாகத் தளம் மேலேயும் உத்தரங்கள் கீழேயும் இருக்கும். அவரோ அதனைத் தலைகீழாக்கி, தளத்தை அடியிலும் உத்தரங்களை அதன்மேலும் வைத்தார். நெரிபடும் பக்கத்தில் அகன்ற தளம் முழுவதும் துணை நின்றது. கீழிருந்து காண்பவருக்கு அடிப்புறம் வழவழப்பாகத் தோன்றிற்று. அழகும் அறிவும் ஒன்றுபட்ட அமைப்பு அது.

ஆயினும் கம்பியின் அளவு போதுமா என்ற கேள்வி எழுந்தது. காஃப்மன் ஒரு வணிகர். பெரும்பொருள் செலவிடுமுன் பிட்ஸ்பர்க் பொறியியலறிஞர்களிடம் வரைபடங்களைக் காட்டினார். அவர்கள் ஐயப்பாடுகளை எழுதித் தந்தார்கள். ரைட் சினமடைந்தார், அந்த அறிக்கையை வீட்டுச் சுவருக்குள் வைத்துப் புதைத்துவிடச் சொன்னார் என்பார்கள். 1936இல் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அவருக்குத் தெரியாமலே, கூடத்தின் உத்தரங்களில் அவர் குறித்ததைப்போல் இரு மடங்கு கம்பி வைக்கப்பட்டது. செய்தி அறிந்தவுடன், களத்தில் மேற்பார்வை செய்த தம் மாணவரை ரைட் திரும்ப அழைத்துக்கொண்டார். தம்மிடம் நம்பிக்கையில்லாத இடத்தில் பணி செய்ய இயலாது என்ற கருத்துப்படக் காஃப்மனுக்கு எழுதினார். காஃப்மன் அவரை அமைதிப்படுத்தினார், வேலை தொடர்ந்தது.

மேற்கு முற்றத்தின் அடியிலும் ஒரு தாங்குசுவரைக் கட்டச் செய்திருந்தார் காஃப்மன். அதன் உச்சியில் ஒரு வரிசைக் கற்களை ஓசையின்றி எடுத்துவிடும்படி ரைட் தம் மாணவரிடம் சொன்னாராம். சில காலம் கழித்து, சுவர் தொடாமலே முற்றம் நிற்பதைக் காஃப்மனுக்குச் சுட்டிக்காட்டினாராம். இவையெல்லாம் ரைட்டின் துணிவுக்குச் சான்றாக நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தன. இக்கதையை முதன்முறை படித்தபோது நானும் அவர் பக்கமே நின்றேன். கலைஞனின் கனவைக் கணக்கர்கள் குலைக்க வருகிறார்கள் என்றே எனக்குத் தோன்றிற்று.

ஆனால் தளம் வேறு சாட்சி சொல்லிற்று. காய்ந்த கான்கிரீட்டின் அடியிலிருந்து முட்டுகளை எடுத்த அன்றே கூடத்தின் விளிம்பு ஒன்றே முக்கால் அங்குலம் தாழ்ந்தது. மேல் முற்றத்தின் கைப்பிடிச்சுவர்களில் வெடிப்புகள் கண்டன. கட்டும்போதே விளிம்பைச் சற்று உயர்த்தி வைத்திருந்தால், தாழ்ந்தபின் மட்டம் சரியாக இருந்திருக்கும், அவ்வாறு செய்யவில்லை. காஃப்மன் ரைட்டோடு நட்பைக் கைவிடவில்லை, அளவுகோலையும் கைவிடவில்லை. 1955இல் தாம் இறக்கும்வரை பல ஆண்டுகள் அந்தத் தாழ்வை அளந்து குறிக்கச் செய்துவந்தார். கலைஞனை நம்பியும் கல்லைச் சோதித்தும் நடந்த அந்த வணிகரை இக்கதையில் பலர் கவனிப்பதில்லை.

வீடு 1937இல் முடிந்தது. குன்றின் மேலே விருந்தினர் மனை 1939இல் சேர்ந்தது. வளைந்து இறங்கும் கூரையிட்ட நடைபாதை இரண்டையும் இணைக்கிறது. தொடக்கத்தில் எண்ணியது பல பத்தாயிரம் டாலர். எல்லாம் சேர்ந்து ஆனது 1,55,000 டாலர். 1938 ஜனவரியில் 'டைம்' வார இதழின் அட்டையில் ரைட்டின் படமும் அவருக்குப் பின்னே இவ்வீட்டின் வரைபடமும் வெளிவந்தன. முடிந்துபோனவர் என்று கருதப்பட்டவர் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1959இல் மறைந்தார். காஃப்மன் மகன் 1963இல் இவ்வீட்டையும் நிலத்தையும் மேற்குப் பென்சில்வேனியா இயற்கைக் காப்புக் கழகத்துக்குக் கொடையாக அளித்தார். 1964 முதல் பொதுமக்கள் பார்வையிடுகிறார்கள்.

மக்கள் வந்து வியந்துகொண்டிருந்த காலத்திலும் தளம் மெல்லத் தாழ்ந்துகொண்டே இருந்தது. கான்கிரீட் கல்லைப்போல் தோன்றினாலும், நெடுநாள் பாரம் தாங்கினால் சிறிது சிறிதாக இசைந்து கொடுக்கும். 1990ஆம் ஆண்டுகளில், 15 அடி நீளத்திற்கு ஏறத்தாழ 7 அங்குலம் விளிம்பு தாழ்ந்துவிட்டது. ராபர்ட் சில்மன் என்ற பொறியியலறிஞரின் குழு வீட்டை ஆராய்ந்தது. கம்பிகளின் இடத்தையும் அளவையும் கருவிகளால் கண்டறிந்து, முழு அமைப்பையும் கணக்கிட்டுப் பார்த்தது.

கண்ட உண்மைகள் இரண்டு. மேல்முற்றம் தன் பாரத்தைத் தானே தாங்கவில்லை. சன்னல் சட்டத்திலுள்ள எஃகுத் தூண்களின் வழியே அப்பாரம் கீழேயுள்ள கூடத் தளத்தின் விளிம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே கீழ்த்தளம் இரண்டு தளங்களைச் சுமந்தது. மற்றொன்று, ரைட் குறித்த கம்பி போதியதன்று. மறைவாக வைத்த இரு மடங்குக் கம்பியும்கூடப் போதியதன்று. 60 ஆண்டுகள் அந்த வீட்டைத் தாங்கி நின்றதில், எவருக்காகச் சினந்து கடிதம் எழுதினாரோ, அந்தப் பொறியியலறிஞர்களின் கம்பிக்குப் பெரும்பங்கு உண்டு.

1997இல் தளத்தின் அடியில் எஃகு முட்டுகள் கொடுத்து நிறுத்தினார்கள். 2002இல் பழுது பார்த்தார்கள். கூடத்தில் பாவியிருந்த கற்களுக்கு ஒவ்வொன்றாக எண் இட்டு எடுத்து வைத்தனர். உத்தரங்களின் பக்கங்களில் வலிய எஃகு வடங்களைச் செலுத்தி, முறுக்கேற இழுத்துப் பூட்டினர். பின்னர் கற்களை எண் பார்த்து அவ்வவ்விடத்திலேயே பாவினர். விளிம்பு சிறிதளவே உயர்ந்தது. முற்றிலும் நிமிர்த்த அவர்கள் முயலவில்லை. நிமிர்த்தியிருந்தால் அத்தனை ஆண்டுகளில் வளைந்து பழகிய சன்னல்களும் சுவர்களும் உடைந்திருக்கும். ஆகவே அந்த வீடு இன்றும் சற்றே தாழ்ந்தபடிதான் நிற்கிறது. ஆனால் இனித் தாழாதபடி நிற்கிறது. 2019இல் ரைட்டின் வேறு ஏழு கட்டடங்களோடு அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

இப்போது நான் யார் பக்கம் நிற்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். பொறியியலறிஞர்களிடம் மட்டும் விட்டிருந்தால் அந்த வீடு அருவிக்கு எதிரே, நான்கு கால் ஊன்றிப் பத்திரமாக நின்றிருக்கும். அதைப் பார்க்க எவரும் கடல் கடந்து போயிருக்கமாட்டார்கள். ரைட்டிடம் மட்டும் விட்டிருந்தால், பார்க்கப் போவதற்கு வீடே இல்லாமல் போயிருக்கக்கூடும். இருவரும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டே ஒரே வீட்டைக் கட்டினார்கள். வருந்தத்தக்கது, அந்த உதவி மறைவாகச் செய்யப்பட வேண்டியிருந்தது என்பதே. வெளிப்படையாகக் கேட்டு, வெளிப்படையாகக் கணக்கிட்டு, தேவையான கம்பியை முதலிலேயே வைத்திருந்தால் கனவுக்கு ஒரு குறையும் வந்திராது. அந்தத் தளம் மட்டமாகவே இருந்திருக்கும்.

உங்களுள் சிலர் நாளை கட்டடக் கலைஞர் ஆகலாம். சிலர் பொறியியல் படிக்கலாம். பலர் என்றேனும் ஒரு வீடு கட்டுவீர்கள். எவராயினும், உங்கள் கணக்கில் பிழை உண்டு என்று ஒருவர் எழுதித் தந்தால், அந்தத் தாளைச் சுவருக்குள் புதைத்துவிடாதீர்கள். மேசைமேல் வைத்து இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள்.